ஒரு காஸ்ட் நினைவகத்தில் எழுதும்போது: ஜாவா லைப்ரரிகளைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

நெட்வொர்க், தரவுத்தளம், ஜேசன், லாக் என எந்த வேலைக்கான ஜாவா லைப்ரரியை நீங்கள் பராமரித்தாலும், ஓர் ஆப்ஜெக்ட்டை ஏதோ ஓர் இன்டர்ஃபேஸாக (ஒரு கிளாஸ் என்னென்ன மெத்தடுகளைத் தரும் என்ற வாக்குறுதி) மாற்றும் இடங்கள், அதாவது காஸ்ட்டுகள், உங்கள் கோடில் நூற்றுக்கணக்கில் இருக்கும். சிலவற்றை நீங்களே எழுதியிருப்பீர்கள். மற்றவற்றை ஜாவா கம்பைலர் உங்களைக் கேட்காமலே செருகியிருக்கும். "சரிபார்ப்புதானே, படித்துப் பார்த்து ஆம் இல்லை சொல்லும்" என்று நம்பித்தான் எல்லோரும் எழுதுகிறோம். ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம்மான ஹாட்ஸ்பாட்டில், ஜாவா 22 வரை, அந்த நம்பிக்கை தவறு. அங்கே வெற்றி பெறும் ஓர் இன்டர்ஃபேஸ் காஸ்ட், எல்லா த்ரெட்டுகளும் பகிரும் ஓரிடத்தில் எழுதவும் கூடும். 8 கோர் மடிக்கணினியில் இது கண்ணில் படாது. 48 கோர் சர்வரில் கூட்டிய கோர்களின் பலனை இதுவே தின்றுவிடும்.

இந்த மடலின் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடும் பாதையில் ஒரே கிளாஸை இரண்டு மூன்று இன்டர்ஃபேஸ்களாக மாறி மாறிக் காஸ்ட் செய்யும் இடங்களைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். ஜாவா 17லும் 21லும் ஓடும் சேவைகள் உங்கள் லைப்ரரியை நம்பி இருக்கும்வரை இந்த வேலை உங்களுடையது. அவற்றை நடத்துவோர் உங்கள் கோடுக்குள் கை வைக்க முடியாது.

உள்ளே நடப்பதைச் சொல்கிறோம். கிளிஃப் கிளிக், ஜான் ரோஸ் இருவரும் 2002இல் விளக்கிய வடிவமைப்பு இது. ஹாட்ஸ்பாட்டில் ஒவ்வொரு கிளாஸின் விவரத்திலும் 8 அறைகள் கொண்ட ஓர் அட்டவணை உண்டு. 0ஆவது அறையில் ஆப்ஜெக்ட் கிளாஸ், அடுத்ததில் அதன் வாரிசு என்று, தான் வரைக்குமான பரம்பரை அதில் வரிசையாக இருக்கும். ஒரு கிளாஸ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது மாறாது. ஆகவே "இது அந்தக் கிளாஸின் வாரிசா" என்ற கேள்விக்கு, குறிப்பிட்ட ஓர் அறையைப் படித்து ஒப்பிட்டாலே போதும். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அதே செலவுதான். ஃபைனல் கிளாஸ் என்றால் இன்னும் எளிது: ஆப்ஜெக்ட்டின் கிளாஸ் சுட்டியையே நேராக ஒப்பிட்டு முடித்துவிடலாம்.

இன்டர்ஃபேஸுக்கு இந்த வசதி இல்லை. ஒரு கிளாஸ் எத்தனை இன்டர்ஃபேஸ்களையும் ஏற்கலாம். எதற்கும் நிலையான ஆழம் கிடையாது. எனவே அவை ஒரு தனிப் பட்டியலில் கிடக்கின்றன. ஜாவா 21இன் அர்ரேலிஸ்ட்டுக்கு அந்தப் பட்டியலில் 7 பெயர்கள்: லிஸ்ட், ராண்டம்ஆக்சஸ், க்ளோனபிள், சீரியலைசபிள், சீக்வென்ஸ்டுகலெக்‌ஷன், கலெக்‌ஷன், இட்டரபிள். ஒவ்வொரு முறையும் பட்டியலைத் தலையிலிருந்து துழாவாமல் இருக்க, கிளாஸ் விவரத்தில் ஒரே ஒரு கேஷ் அறை வைத்தார்கள். கடைசியாக "ஆம்" என்று தேறிய இன்டர்ஃபேஸ் அதில் இருக்கும். அடுத்த கேள்வியும் அதே இன்டர்ஃபேஸ் பற்றியது என்றால் ஒரே ஒப்பீட்டில் முடியும். வேறு இன்டர்ஃபேஸ் என்றால் பட்டியலைத் துழாவி, கிடைத்ததும் அந்த அறையை அழித்துப் புதியதை எழுதும். தோல்வியை அது நினைவில் வைப்பதில்லை. "இல்லை" என்ற பதிலுக்கு ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுதும் துழாவப்படும். ஆனால் அந்தத் துழாவல் எதையும் எழுதாததால் ஒரு கோர் மற்றதைத் தொந்தரவு செய்யாது.

ஒரு கோர், சில கோர் காலத்தில் இது நல்ல ஏற்பாடுதான். கோர்கள் பெருகியபின் நிலைமை மாறியது. ஒரு த்ரெட் அர்ரேலிஸ்ட்டை லிஸ்ட்டாகக் காஸ்ட் செய்கிறது. இன்னொன்று அதே நேரத்தில் இட்டரபிளாகக் காஸ்ட் செய்கிறது. இரண்டும் வேறு வேறு ஆப்ஜெக்ட்டுகள். ஆனால் கிளாஸ் ஒன்று, அறையும் ஒன்று. ஒவ்வோர் எழுத்தும் மற்ற கோர்களில் இருக்கும் கேஷ் லைன் (ப்ராசசர் நினைவகத்திலிருந்து ஒரே தடவையில் எடுத்து வைக்கும் துண்டு) பிரதியைச் செல்லாததாக்கும். சில சைக்கிளில் முடிய வேண்டிய வாசிப்பு, இன்னொரு கோரிடமிருந்து லைனை வாங்கிவரும் பயணமாக மாறும். இரு சாக்கெட் இயந்திரத்தில் அந்தப் பயணம் நூறு சைக்கிளை எளிதாகத் தாண்டும்.

சேதம் அந்த அறையோடு நிற்பதில்லை. 64 பிட் எக்ஸ்86 ஜாவா 17இல் அந்தக் கேஷ் அறை கிளாஸ் விவரத்தின் 32ஆவது பைட்டில் இருக்கிறது. பட்டியலின் சுட்டி 40இல். 8 அறை அட்டவணை அதையடுத்து 48இல் தொடங்குகிறது. ஒரு கேஷ் லைன் 64 பைட். ஆக, இன்டர்ஃபேஸே சம்பந்தப்படாத சாதாரணக் கிளாஸ் காஸ்ட்டும் அக்கம்பக்கத்து எழுத்தால் அடிவாங்குகிறது. கிளாஸ் விவரம் எந்த முகவரியில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்து எந்தெந்தப் புலங்கள் ஒரே லைனில் சேரும் என்பதும் மாறும். ஒரே பில்டு, ஒரே சுமை, ஆனாலும் சில நோடுகள் வேகமாகவும் சில மெதுவாகவும் ஓடுவதன் காரணம் பல நேரம் இங்கேதான் இருக்கிறது. அதை "கிளவுட் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் 2022 நவம்பரில் வெளியிட்ட விவரம் இதற்கு நல்ல சான்று. 16 விசிபியு (மெய்நிகர் ப்ராசசர்) கொண்ட அமேசான் கிளவுட் இயந்திரத்திலிருந்து 48 விசிபியு இயந்திரத்துக்கு ஒரு சேவையை மாற்றினார்கள். மூன்று மடங்கு கிடைக்க வேண்டிய இடத்தில் சுமார் 25% மட்டுமே கூடியது. தேடிப்போனால் இந்தக் கேஷ் அறைதான். புலங்களுக்கு இடையே இடைவெளி விட்டு, பக்கத்துப் புலங்கள் அடிவாங்குவதை முதலில் தடுத்தார்கள். முன்னேற்றம் வந்தது, ஆனால் அந்த அறையையே பல கோர்கள் பிடித்திழுப்பது மிச்சமிருந்தது. அதற்கு அறையில் எழுதுவதையே தவிர்க்க வேண்டியிருந்தது. அதன்பின்தான் மூன்று மடங்கைத் தாண்டியது. ஜேவிஎம்மைத் தாங்களே திருத்திக் கட்டும் ஆள்பலம் அவர்களிடம் இருந்தது. உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்தும் பெரும்பாலோரிடம் அது இருக்காது.

லைப்ரரிப் பக்கம் என்ன செய்யலாம் என்பதற்கு நெட்டி என்ற நெட்வொர்க் லைப்ரரியைப் பாருங்கள். நிகழ்வுகளைக் கையாளும் ஆப்ஜெக்ட்டுக்கு அங்கே ஹேண்ட்லர் என்று பெயர். உள்ளே வரும் நிகழ்வுக்கு ஹேண்ட்லரைச் சேனல்இன்பவுண்ட்ஹேண்ட்லராகவும், வெளியே போகும் நிகழ்வுக்குச் சேனல்அவுட்பவுண்ட்ஹேண்ட்லராகவும் காஸ்ட் செய்ய வேண்டும். எச்டிடிபிசர்வர்கோடெக் போன்ற ஹேண்ட்லர் இரண்டும்தான். ஒரு கோரிக்கை உள்ளே வரும்போது ஒரு பெயர், பதில் வெளியே போகும்போது மறு பெயர் என்று, எல்லா ஈவென்ட் லூப் த்ரெட்டுகளும் ஒரே கிளாஸின் அறையில் மாற்றி மாற்றி எழுதின. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ஹேண்ட்லர் ஆப்ஜெக்ட், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஈவென்ட் லூப் என்று கவனமாகப் பிரித்து வைத்த வடிவமைப்பு அது. பிரிக்க முடியாத ஒரே பொருளான கிளாஸ் விவரத்தில் வந்து எல்லாம் மோதின. திருத்தம் நான்கைந்து வரிதான். ஹேண்ட்லர்களின் வரிசையான பைப்லைனின் தலையா இந்த ஹேண்ட்லர் என்று முதலில் சுட்டியை ஒப்பிடுவது. இல்லையென்றால் சேனல்டியூப்ளெக்ஸ்ஹேண்ட்லர் என்ற கிளாஸா என்று பார்ப்பது. அதுவும் இல்லை என்றால் மட்டும் இன்டர்ஃபேஸுக்குக் காஸ்ட் செய்வது. அந்தக் கிளாஸின் ஆழம் 3. எனவே அட்டவணையிலேயே விடை கிடைக்கும், எழுத்தே நடக்காது. இதை மாற்றாதீர்கள் என்று அந்த வரிகளுக்கு மேலே இதே சிக்கலுக்கு ஓபன்ஜேடிகே (ஜாவாவின் திறந்த மூலத் திட்டம்) தந்த பிழை எண் 8180450உடன் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு மிக முக்கியம். அது இல்லாவிட்டால் அடுத்து வருபவர் "தேவையில்லாத கிளை" என்று நல்லெண்ணத்தோடு அழித்துவிடுவார்.

இந்த முறைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பயனர் தானே ஒரு கிளாஸ் எழுதி, டியூப்ளெக்ஸ் கிளாஸிலிருந்து வராமல் இரண்டு இன்டர்ஃபேஸ்களையும் நேரடியாக ஏற்றால், அவர் கடைசிக் கிளைக்கே போவார். ஆவணத்தில் "இந்த அடிப்படைக் கிளாஸிலிருந்து நீட்டியுங்கள்" என்று காரணத்தோடு எழுதுங்கள்.

உங்களிடம் பொதுவான அடிப்படைக் கிளாஸ் இல்லையென்றால் வேறு வழிகள் உண்டு. எங்களுக்குப் பிடித்தது, காஸ்ட்டை ஆப்ஜெக்ட் பதிவாகும் நேரத்துக்குத் தள்ளுவது. ஒரு ஹேண்ட்லர் பதிவாகும்போதே அதை இரண்டு புலங்களில் போட்டுவையுங்கள்: ஒன்று உள்வரும் இன்டர்ஃபேஸ் வகை, மற்றது வெளிச்செல்லும் வகை, பொருந்தாதது நல். நிகழ்வுக்கு ஒரு காஸ்ட் என்றிருந்தது, இணைப்பின் ஆயுளுக்கு ஒன்றாகிறது. கூடுதல் செலவு ஒரு புலத்துக்கு 4 பைட். சுட்டிகளைச் சுருக்கி வைக்கும் கம்ப்ரெஸ்ட் ரெஃபரன்ஸ் இல்லாத பெரிய ஹீப்பில் (ஆப்ஜெக்ட்டுகள் இருக்கும் நினைவகப் பகுதி) 8. இன்னொரு வழி, இன்ஸ்டன்ஸ்ஆஃப் கேள்வியை மெத்தடாக மாற்றுவது. "நீ மூடக்கூடியதா" என்று வகையைக் கேட்பதற்குப் பதில், ஏற்கெனவே கையில் இருக்கும் இன்டர்ஃபேஸில் ஒரு டிஃபால்ட் மெத்தட் வையுங்கள். மூடக்கூடியது தன்னையே திருப்பித் தரும், மற்றவை நல் தரும். இன்டர்ஃபேஸ் மெத்தடை அழைப்பதற்கும் ஒரு தேடல் உண்டுதான். ஆனால் அது படிக்க மட்டுமே செய்யும். அந்தக் கேஷ் அறையைத் தொடாது.

கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் குற்றவாளிகள் பெரும்பாலும் முடிவில் நடக்கும் துப்புரவுக் கோடுதான். வேலை முடிந்த எல்லா ஆப்ஜெக்ட்டையும் "ஆட்டோக்ளோசபிளா, ரெஃபரன்ஸ்கவுண்டடா" என்று கேட்கும் ஒரு பொது மெத்தட் பல லைப்ரரிகளில் இருக்கிறது. நெட்டியின் ஒரு முழு எச்டிடிபி கோரிக்கை ஆப்ஜெக்ட்டை, பயனரின் ஹேண்ட்லர் முதலில் எச்டிடிபிரிக்வெஸ்ட்டா என்று கேட்கும். பிறகு எச்டிடிபிகன்டென்ட்டா என்று. கடைசியில் விடுவிக்கும்போது ரெஃபரன்ஸ்கவுண்டடா என்று. மூன்று கேள்விக்கும் பதில் ஆம். ஆகவே ஒரே கோரிக்கையில் மூன்று முறை அறை மாறுகிறது. இங்கேயும் அடிக்கடி வரும் நேர்க் கிளாஸை (ஆப்ஜெக்ட்டின் சொந்தக் கிளாஸ்) முதலில் கேட்டு, இன்டர்ஃபேஸ் கேள்வியைப் பின்னால் தள்ளினால் போதும்.

ஜாவா கம்பைலர் தானாகச் செருகும் காஸ்ட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை மூலக் கோடைப் படிப்பவருக்குத் தெரியாது. கம்பைல் ஆகும்போது ஜெனெரிக்ஸின் வகை விவரங்கள் அழிக்கப்படுவதால், மேப்பிலிருந்து எடுக்கும் மதிப்பு வெறும் ஆப்ஜெக்ட் ஆகிவிடும். அதை லிஸ்ட்டாகப் பயன்படுத்தும் இடத்தில் காஸ்ட்டைச் சரிபார்க்கும் செக்காஸ்ட் என்ற பைட்கோட் கட்டளை வரும். ஒரே மதிப்பை மூன்று முறை மேப்பிலிருந்து எடுத்தால் மூன்று செக்காஸ்ட். ஒரு முறை எடுத்து உள்ளூர் மாறியில் வைத்தால் ஒன்றுதான். உள்ளூர் மாறியில் இருப்பதன் வகையை, ஓடும்போதே கோடை இயந்திர மொழியாக்கும் ஹாட்ஸ்பாட்டின் சி2 கம்பைலர் நினைவில் வைத்து, பின்னால் வரும் அதே காஸ்ட்டை நீக்கிவிடும். புலத்திலிருந்து மறுபடி படித்தாலோ, இன்லைன் ஆகாத (அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதப்படாத) மெத்தட் வழியாகப் போய்வந்தாலோ அந்த அறிவு தொலைந்துவிடும்.

இரட்டை வரம்பு கொண்ட டைப் பராமீட்டர் இன்னும் நுட்பமானது. எடுத்துக்காட்டாக, ஒரு பராமீட்டர் "ரிக்வெஸ்ட்டும் ட்ரேஸ்டும்" என்று இரண்டு இன்டர்ஃபேஸ்களால் வரம்பிடப்பட்டால், அழித்தபின் முதல் வரம்பான ரிக்வெஸ்ட் மட்டுமே மிஞ்சும். ட்ரேஸ்டின் மெத்தடை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ட்ரேஸ்டுக்கு ஒரு செக்காஸ்ட் செருகப்படும். வரம்புகளின் வரிசையை மாற்றினால் செக்காஸ்ட் இடம் மாறும், ஆனால் மெத்தடின் டிஸ்கிரிப்டரும் (அதன் வகைகளைச் சொல்லும் கையொப்பம்) மாறிவிடும்; ஏற்கெனவே கம்பைல் ஆன பயனர் கோடு இணையாமல் விழும். பொது மெத்தடில் அதைச் செய்யாதீர்கள். இரண்டையும் நீட்டிக்கும் ஒரே இன்டர்ஃபேஸை உருவாக்கி, பேக்கேஜுக்குள் இருக்கும் மெத்தடுகளுக்கு அதையே வரம்பாக்குங்கள். கலெக்‌ஷன்ஸ் கிளாஸின் மேக்ஸ் மெத்தடில் "ஆப்ஜெக்ட்டும் கம்பேரபிளும்" என்று வரம்பு எழுதியிருப்பதன் காரணமும் இந்தப் பழைய பொருத்தத்தைக் காப்பதுதான்.

அட்டவணையின் 8 அறையையும் மறக்கவேண்டாம். ஆப்ஜெக்ட்டை 0 என்று எண்ணினால் 7ஆவது ஆழம்வரை இடம் உண்டு. 8ஆவது ஆழத்துக் கிளாஸ், கிளாஸாக இருந்தும் இன்டர்ஃபேஸ்களோடு அந்தப் பட்டியலுக்குத் தள்ளப்படும். ஒரு கிளாஸிலிருந்து நீட்டி ப்ராக்ஸி (பதிலாள்) கிளாஸ் உருவாக்கும் ஒவ்வொரு கருவியும் ஆழத்தில் ஒன்றைக் கூட்டுகிறது. அடிக்கடி சோதிக்கப்படும் கிளாஸ் 4, 5க்குள் இருந்தால் கவலையில்லை.

உங்கள் பெஞ்ச்மார்க்கில் இது ஏன் இதுவரை தெரியவில்லை என்று கேட்கலாம். ஒரு காஸ்ட் இடத்தில் ஒரே நேர்க் கிளாஸ்தான் வருகிறது என்று ப்ரொஃபைல் (இதுவரை ஓடியதன் பதிவு) சொன்னால், சி2 இன்டர்ஃபேஸ் கேள்வியையே கேட்காது. "இது அந்த நேர்க் கிளாஸா" என்று சுட்டியை ஒப்பிட்டுவிட்டு நகரும். சின்ன பெஞ்ச்மார்க்கில் எப்போதும் ஒரே கிளாஸ்தான் வரும், ஆகவே நோய் அங்கே தலைகாட்டாது. உண்மைச் சேவையில் பல கிளாஸ்கள் அதே இடத்தைக் கடக்கின்றன. ஊகம் கைவிடப்பட்டு, அறை எழுதும் பாதை வந்துவிடும். ஆகவே ஜாவாவின் பெஞ்ச்மார்க் கருவியான ஜேஎம்எச்சில் சோதனை எழுதும்போது மூன்று நேர்க் கிளாஸ்களையாவது அதே காஸ்ட் இடத்தின் வழியே முன்கூட்டி ஓட்டி, ப்ரொஃபைலைக் கலையுங்கள். காஸ்ட் செய்யும் மெத்தடை இன்லைன் ஆகாமல் தடுங்கள். பிறகு ஒரு த்ரெட்டில் ஒரு முறை, எல்லாக் கோர்களிலும் ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு த்ரெட்டின் எண்ணிக்கையைக் கோர்களால் பெருக்கி, கிடைத்ததோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். ஒரு த்ரெட்டின் எண்ணை மட்டும் பார்த்தால் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், "மாற்றம் தேவையில்லை" என்று தவறான முடிவுக்கு வருவீர்கள்.

உற்பத்திச் சூழலில் தேட லினக்ஸின் பெர்ஃப் கருவியில், கோர்களுக்கிடையே கேஷ் லைன் பயணங்களைக் காட்டும் சி2சி என்ற பிரிவு இருக்கிறது. முதலில் ஜாவாவோடு வரும் ஜேசிஎம்டி கருவியின் கம்பைலர் பெர்ஃப்மேப் கட்டளையால் ஜிட் கோடின் (ஓடும்போது கம்பைல் ஆனது) பெயர்களை எழுதவையுங்கள்; ஜாவா 17 முதல் அது உண்டு. பிறகு 10 முதல் 30 வினாடி பதிவு செய்யுங்கள். ஒரு கோரில் மாற்றப்பட்ட நிலையில் உள்ள லைனை இன்னொரு கோர் கேட்ட நிகழ்வுகள் முதலில் வரும். அந்த முகவரி ஹீப்பில் இல்லாமல் கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெட்டாஸ்பேஸில் இருந்து, எழுதும் கட்டளைக்குச் சற்று மேலே பட்டியலைத் துழாவும் ஸ்கேன் கட்டளையும் தெரிந்தால், வேறு சந்தேகம் வேண்டாம். எந்தக் கிளாஸ், எந்த வரி என்று அறிய ரெட் ஹாட் செயல்திறன் பொறியாளர்கள் வெளியிட்ட டைப் பொல்யூஷன் ஏஜென்ட் உதவும். அது ஒவ்வொரு கிளாஸிலும் இன்டர்ஃபேஸ் எத்தனை முறை மாறியது என்று எண்ணி, மாறிய இடங்களையும் காட்டும். பைட்கோடைத் திருத்தி எண்ணுவதால் சேவை மெதுவாகும். எண்ணிக்கைக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அதை வைத்து வேகத்தை அளக்காதீர்கள். பட்டியலின் முதல் ஐந்தைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கீழே இருப்பவை பெரும்பாலும் தொடத் தேவைப்படாது.

ஜேவிஎம் பக்கத்தில் நிலையான தீர்வு ஜாவா 23இல் வந்தது. ஓபன்ஜேடிகே பொறியாளர் ஆண்ட்ரூ ஹேலி செய்த வேலை. ஒவ்வொரு கிளாஸுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண். ஒவ்வொரு கிளாஸ் விவரத்திலும் 64 பிட் வரைபடம். பட்டியல் அந்த எண்களின் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். தேடும் இன்டர்ஃபேஸின் பிட் 0 என்றால் உடனே "இல்லை". 1 என்றால், அதற்குக் கீழே எத்தனை பிட்கள் 1 என்று பாப்கவுண்ட் கட்டளையால் எண்ணினால் பட்டியலில் அதன் இடம் கிடைக்கும். ஓர் ஒப்பீடு போதும். இரண்டு இன்டர்ஃபேஸ்களுக்கு ஒரே எண் விழுந்தால் மட்டும் பக்கத்து இடங்களையும் பார்க்கும். தேடும்போது எந்த எழுத்தும் இல்லை. "இல்லை" என்ற பதிலும் மலிவாகிவிட்டது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 5இல் வந்த காஸ்ட் கேஷும் வேறு வழியில் இதே சிக்கலைத் தவிர்த்திருக்கிறது: மூல வகை, இலக்கு வகை இரண்டையும் சேர்த்துச் சாவியாக்கியதால், ஓர் இன்டர்ஃபேஸ் பற்றிய பதில் இன்னொன்றைத் துரத்துவதில்லை.

ஜாவா 23இன் இந்தத் தீர்வு முதலில் சி2 கம்பைல் செய்த கோடுக்கே கிடைத்தது. கோடைக் கம்பைல் செய்யாமலே ஓட்டும் இன்டர்ப்ரெட்டருக்கும், விரைவாகக் கம்பைல் செய்யும் சி1க்கும் பிறகுதான் வந்தது. உங்கள் கையில் உள்ள கட்டுமானத்தில் இருக்கிறதா என்று பதிப்பு எண்ணை வைத்து ஊகிக்க வேண்டாம். டயக்னாஸ்டிக் விருப்பங்களைத் திறந்து, எல்லா ஃப்ளாக்குகளையும் அச்சிடும் விருப்பத்தோடு ஜாவாவை ஓட்டி, "யூஸ் செகண்டரி சூப்பர்ஸ் டேபிள்" என்ற பெயரைத் தேடுங்கள். பெயரே இல்லை என்றால் பழைய வழிதான் ஓடுகிறது. பெயர் இருந்து மதிப்பு ஃபால்ஸ் என்றால், அந்தப் ப்ராசசரில் பாப்கவுண்ட் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள்.

நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் 21க்கு அடுத்தது 2025 செப்டம்பரில் வந்த 25தான். நிறுவனங்கள் மெதுவாகத்தான் நகரும். உங்கள் லைப்ரரி குறைந்தபட்சம் ஜாவா 17இல் ஓடும் என்று அறிவித்திருந்தால், நாங்கள் கேட்கும் திருத்தங்களை அதுவரை வைத்திருங்கள். ஜாவா 25இல் அவற்றால் கெடுதல் ஏதும் இல்லை. கிளாஸை முதலில் கேட்பது அங்கேயும் ஓர் ஒப்பீட்டில் முடியும் வேலைதான். திருத்திய ஒவ்வொரு வரிக்கும் மேலே 8180450 என்ற எண்ணை எழுதுங்கள். எல்லாக் கோர்களிலும் ஓடும் அந்த ஜேஎம்எச் சோதனையை வெளியீட்டுச் சோதனைகளோடு சேர்த்து, குறைந்தது 32 கோர் உள்ள ஓர் இயந்திரத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டுங்கள். மாறிய எண்ணை வெளியீட்டுக் குறிப்பில் போடுங்கள். பழைய ஜாவாவில் மாட்டிக்கொண்டிருக்கும் குழுக்கள் உங்கள் புதிய பதிப்புக்கு மாற அனுமதி கேட்கும்போது காட்ட அது ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
பல கோர் இயந்திரங்களில் ஜாவா சேவைகளின் வேகத்தைக் கவனித்துவரும் பொறியாளர்கள் சிலர்